இடது கைக்கு எத்தனை கிளிக்?

ஐந்தாவது குண்டும் தாளைத் துளைத்த பிறகு டாக்டர் வைரவன் துப்பாக்கியின் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் ஐந்து துளைகளும் இருந்த இடத்திலேயே நிலைத்துவிடும், பார்த்துக்கொண்டே இருந்தால் அவற்றுக்கே வெட்கம் வந்து கொஞ்சம் நெருங்கி உட்காரும் என்று நினைத்தவர்போல. அவை நெருங்கவில்லை. ஐம்பது மீட்டருக்கு அப்பால், வெள்ளைத் தாளில், ஒரு காபி டம்ளரின் வாயகலத்துக்கு ஐந்து துளைகள், பாகம் பிரித்துக்கொண்ட பிறகு முகம் பார்க்காத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் நின்றன. பாயின்ட் டூ டூ துப்பாக்கி, மணல் மூட்டை மேல் கிடத்தி, காற்றில்லாத காலை ஏழரை மணிக்குச் சுட்டால், ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்க வேண்டும். போன மாதம் அடங்கின. சுடுவதில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு, இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நேற்று வந்து சேர்ந்தவர்கள் என்று வைரவன் துப்பாக்கி சுடும் கழகத்தில் பலரிடம் பலமுறை, அவர்கள் கேட்காதபோதே, விளக்கியிருக்கிறார். முதல் வகையில் குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியும், ஆனால் அது தப்பான இடமாக இருக்கும். அது ஸ்கோப்பின் குற்றம், குமிழைத் திருப்பினால் தீர்ந்துவிடும், மனிதன்மேல் பழியில்லை. இரண்டாவது வகையில் குண்டுகள் மனம்போனபடி போகும். நடுப்புள்ளியைச் சுற்றித்தான் இருக்கும், சராசரி எடுத்தால் நடுவிலேயேகூட விழும், ஆனால் அதற்குத் திருப்ப ஒரு குமிழும் கிடையாது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அந்தக் குமிழைச் செய்யவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரு சிறு இடைவெளி விட்டு எதிராளி சிரிப்பதற்காகக் காத்திருப்பார். இன்றைக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை புது ஸ்கோப் மாட்டியதால் ஞாயிறு காலை ஜீரோ பார்க்க வந்திருக்கிறார், அதாவது குறுக்குக் கோடு காட்டும் இடமும் குண்டு போய் விழும் இடமும் ஒன்றாகும்வரை குமிழ்களைத் திருப்ப வந்திருக்கிறார் என்பது மனைவி உமையாளிடமும் கழகத்தின் வருகைப் பதிவேட்டிடமும் அவர் சொன்ன காரணம். பொய்யில்லை. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. நடுவில் வியாழக்கிழமை என்று ஒன்று இருந்தது. வியாழன் மாலை, காந்திபுரத்தில் அவருடைய பல் மருத்துவமனையில், ஒரு வங்கிக்காரரின் மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் வாய்க்குள் பிடிக்கும் சின்னக் கண்ணாடி. அது பல்லில் தட்டியது. டிக், டிக். இரண்டு முறை. அவர் தட்டவில்லை, அது தட்டியது. முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கண்ணாடி அவரைக் கேட்காமல் எதையும் செய்ததில்லை. வங்கிக்காரர் கண்ணைத் திறந்து பார்த்து மறுபடி மூடிக்கொண்டார். உதவியாளர் கோமதி தட்டில் பஞ்சை அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நிமிராததுதான் இடித்தது. டிக் என்று சத்தம் கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், பார்க்காமல் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்தான் பார்க்கமாட்டார்கள். அப்படியென்றால் அவளுக்கு அது முதல் டிக் இல்லை. சே, பஞ்சு அடுக்குகிறவளுக்குப் பஞ்சில்தான் கவனம் இருக்கும். நடுக்கத்தில் இரண்டு இனம். சும்மா இருக்கும்போது வருவது ஒன்று, வேலை செய்யும்போது வருவது மற்றொன்று. இரண்டாவது குடும்பச் சொத்து மாதிரி வருவது, தொல்லை கொடுக்கும், அதோடு விடும். முதலாவதற்குப் பெயரும் நீளம், அது எடுத்துக்கொள்ளும் வருஷங்களும் நீளம். கல்லூரியில் படித்தது, இன்னும் மறக்கவில்லை. சரி, ஒரு கண்ணாடியை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இருப்பதா, வேலை செய்வதா? வியாழன் இரவிலிருந்து இந்த ஒரு கேள்வியை அவர் வாயில் பாக்கு மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறார், கரையவும் இல்லை, துப்பவும் முடியவில்லை. அசையாமல் பிடிப்பது வேலைதான், உலகத்திலேயே கஷ்டமான வேலை. ஆனால் கையைக் கேட்டால், நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்று சொல்லும்.

நாளைக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் இதையெல்லாம் சாவகாசமாக யோசிக்கலாம். திங்கள் காலை பத்து மணிக்குச் சென்னியப்பனின் கடைசிப் பல். சென்னியப்பன் இந்தக் கழகத்தின் பொறுப்பாளர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர், சுடுகளத்தில் யார் எப்போது சுடலாம், எப்போது கூடாது என்பதை அவருடைய விசில்தான் தீர்மானிக்கும். அவருடைய கீழ்த்தாடை வலது பக்கத்து ஞானப்பல் மண்ணுக்குள் படுத்த கிழங்கு மாதிரி குறுக்காகப் படுத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அதன் வேர் நரம்புக் குழாயின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்குகிறது. எடுக்கும்போது ஒரு மில்லிமீட்டர் தவறினால் கீழுதட்டில் பாதி மரத்துப்போகும், சில மாதங்களுக்கு, அல்லது ஆயுளுக்கு. தண்ணீர் குடித்தால் வழியும், வழிவது தெரியாது. விசில் ஊத முடியுமா? உதடு பிடித்தால்தானே ஊத முடியும். அப்படி எடுக்கும்போது வலது கை துளை போடும், எல்லோரும் அதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் தாடையைத் தாங்குவதும் கன்னத்தை விலக்கிப் பிடிப்பதும் இடது கை. வலது கை அதை நம்பித்தான் இறங்கும். சென்னியப்பன் இரண்டு வருஷமாக அந்தப் பல்லோடு மல்லுக்கட்டி, வேறு இரண்டு டாக்டர்களைப் பார்த்துப் பயந்து எழுந்து வந்து, கடைசியில், ‘உங்க கைனா சரிங்க’ என்று ஒப்புக்கொண்டார். உங்க கை. எந்தக் கை என்று சொல்லவில்லை.

வைரவன் குமிழைத் தொடவில்லை. சிதறிக் கிடப்பதை வைத்துக்கொண்டு குமிழைத் திருப்புவது, காய்ச்சல்காரன் உளறியதை வைத்துக்கொண்டு அவன் சொத்தை எழுதி வாங்குவது மாதிரி. முதலில் குவிய வேண்டும், அப்புறம்தான் திருத்தம். அடுத்த ஐந்து. குண்டை வைத்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் தள்ளி மூடினார். துப்பாக்கியின் முன்பக்கம் மணல் மூட்டை மேல், பின்கட்டை இன்னொரு சின்ன மூட்டை மேல். அந்தச் சின்ன மூட்டையை இடது கை பிதுக்கினால் குழல் ஒரு மயிரிழை ஏறும், விட்டால் இறங்கும், இவ்வளவுதான் அதற்கு வேலை. காதுமூடிக்குள் அவருடைய ரத்தம் அவருக்கே கேட்டது, பக்கத்து வீட்டில் மாவிடிப்பது மாதிரி, நம் வீட்டுச் சமாசாரம் இல்லை என்று இருக்கவும் முடியாமல். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். பாதி என்றதும் காலையில் உமையாள் கொடுத்த காபி ஞாபகம் வந்தது. டம்ளரில் முக்கால்தான் இருந்தது. எப்போதும் நுரை விளிம்பு வரைக்கும் இருக்கும். பால் குறைவாக இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பால்காரன் தாமதம். ஆனால் கை ஆட்டம் கண்ட பெரியப்பாவுக்கு வீட்டில் எல்லோரும் அரை டம்ளர்தான் கொடுப்பார்கள், கூடப்பிறந்தவர், மனைவி, மருமகள் எல்லோரும், ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளாமலே. பெரியப்பா அதைக் கேட்டதே இல்லை. இரண்டாவது தடவை வாங்கிக் குடிப்பார், அதுவும் அரைதான். கல்யாணத்தில் பந்தியில் ரசத்துக்குக் கையை நீட்டமாட்டார், வேண்டாம் என்று தலையை ஆட்டுவார், ரசம் பிடிக்காதவர் என்றே ஊரில் பேர் வாங்கினார். அவருக்கு ரசம் உயிர். சுட்டாயிற்றா? சுட்டாயிற்று. விசையை எப்போது இழுத்தோம் என்று தெரியாமல் இழுப்பதுதான் நல்ல இழுப்பு என்பார்கள், அந்தக் கணக்கில் இது உயர்ந்த ரகம். வலது மேலே ஒரு துளை. அடுத்தது இடது கீழே. மூன்றாவது முதலாவதன் பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்லிவிட்டு நின்றது, நான்காவது எங்கோ போனது. உமையாளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அதனாலேயே கேட்க முடியாது. ஐந்தாவதைச் சுடுவதற்கு முன் நீளமாக விசில்.

விசில் என்றால் விரல் விசையை விட்டுவிட வேண்டும், குண்டை எடுத்துவிட வேண்டும், போல்ட் திறந்து கிடக்க வேண்டும், ஆள் எழுந்து இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். வலது பக்கம் வேலிக்கடியிலிருந்து மயில் ஒன்று களத்துக்குள் வந்திருந்தது. மலையடிவாரம், வாரத்துக்கு நாலு தடவை இப்படி ஆகும். மயில் இந்த மண்மேட்டிலிருந்து அந்த வேலிக்குப் போய்ச் சேரும்வரை கழகத்தில் யாரும் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். விரட்டவும் கூடாது. அது சட்டத்துக்குப் பயந்தா, மருதமலை முருகனுக்குப் பயந்தா என்று கேட்டால் சென்னியப்பன், ‘ரெண்டுக்குந்தானுங்க’ என்பார். மயிலுக்கு இந்த மரியாதை தெரியும். நடுக்களத்தில் நின்று தோகையை ஒருமுறை உதறி, எதையோ கொத்தி, யோசித்தது. சென்னியப்பன் வலது கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தொலைநோக்கியோடு வைரவனின் மேசைக்கு வந்தார். வீங்கிய கன்னம் அவரைப் பாதி முகத்துக்கு மட்டும் குண்டானவராகக் காட்டியது.

“என்னங்க டாக்டர், வெதைக்கறீங்களா?”

“ஸ்கோப் புதுசு ஹவில்தார்.”

“ஸ்கோப்பு புதுசுனா எல்லாம் ஒரே பக்கமாவல்லங்க போகோணும். இது கோழிக்கு அரிசி வீசுனாப்பல இருக்குது.”

தன்னுடைய பாடத்தைத் தனக்கே ஒருவர் ஒப்பிப்பதைக் கேட்க வைரவனுக்குச் சகிக்கவில்லை. “வீக்கம் எப்படி இருக்கு? மாத்திரை போட்டீங்களா?” என்றார்.

“போட்டனுங்க. ராத்திரி பூரா பல்லு பேசிட்டே இருந்துச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிக்கோ, என்கிட்ட சொல்லாதேன்னுட்டு படுத்துட்டன்.” சென்னியப்பன் மேசைமேல் குனிந்து, திறந்து கிடந்த போல்ட்டின் வழியே குழலை ஒரு கண்ணால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது வீங்காத பாதி முகத்தில் சிரிப்பு. “எப்பங்க தொடச்சீங்க?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.”

“எத்தனை துணி?”

வைரவன் கொஞ்சம் யோசித்தார். “பதினாலு.”

“பதினாலு!” சென்னியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், சிரித்ததில் வலித்துவிட்டது. “அட சாமி, பல்லு வெளக்கறாப்பல வெளக்கி வெச்சிருக்கீங்க. இந்த ஜாதித் துப்பாக்கிக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் அழுக்கு வேணுமுங்க. ஈயமும் மெழுகுமா ஒரு பூச்சு இருந்தாத்தான் குண்டு ஒழுங்காப் போகும். மறந்துட்டீங்களா? நீங்கதானுங்க போன வருசம் அந்த வக்கீலய்யாவ நிக்க வெச்சு முக்கா மணி நேரம் இதச் சொன்னீங்க. அவரு அப்புறம் இந்தப் பக்கமே வரலீங்.”

மறந்துவிட்டார். மறந்தே போய்விட்டார். வெள்ளிக்கிழமை மாலை உமையாள் கோயிலுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, குழலுக்குள் துணியை விட்டு இழுத்து, ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னும் சாம்பல் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று, பதினான்காவது துணி பிறந்த வெள்ளையாக வரும்வரை தேய்த்தது ஞாபகம் இருந்தது. ஏன் அப்படித் தேய்த்தோம் என்பதும் இப்போது தெரிந்தது. தேய்க்கும்போது கை நடுங்குவது தெரியாது. மயில் ஒருவழியாக மனம் வைத்து வேலியைத் தாண்டியது. குட்டையாக ஒரு விசில். சுடலாம்.

பத்தாவது குண்டிலிருந்து வைரவன் எண்ணிக்கொண்டே சுட்டார், குறி பார்த்ததைவிட எண்ணியதுதான் அதிகம். பதினைந்து வரைக்கும் அதே விதைப்பு. பதினாறு பதினேழில் துளைகள் ஒன்றையொன்று தெரிந்தவர்கள்போல நடந்துகொள்ள ஆரம்பித்தன. இருபதுக்குப் பிறகு புதுத் தாளில் ஐந்து, அந்த ஐந்தும் ஒரே கிழிசலாக, ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடிவிடலாம்போல, நடுப்புள்ளிக்கு நாலு சென்டிமீட்டர் கீழேயும் இரண்டு சென்டிமீட்டர் இடப்பக்கமாகவும் குவிந்து கிடந்தன. தப்பான இடம். என்ன அழகான தப்பான இடம். ஐம்பது மீட்டரில் குமிழின் ஒரு கிளிக்குக்குக் குண்டு நகர்வது மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம், ஆகவே மேல்குமிழில் பதினொன்று, பக்கக் குமிழில் ஆறு. குமிழில் மேலே என்று போட்டிருக்கும் அம்புக்குறி குண்டு மேலே போவதைச் சொல்கிறது, உள்ளே இருக்கும் கோடு மேலே போவதை இல்லை. இதைத் தெரியாமல் தலைகீழாகத் திருப்பி, அரைப் பெட்டி குண்டைக் காலிசெய்து, ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் இந்தக் கழகத்தில் மூன்று பேர், பெயர் சொல்லலாம், வேண்டாம். கிளிக், கிளிக், கிளிக். விரல் நுனிக்கு அந்தச் சின்ன எலும்புச் சொடுக்கு எப்போதும் பிடிக்கும். அடுத்த ஐந்தும் நடுப்புள்ளியைத் தின்றுவிட்டன. ஆக, கை இல்லை, அழுக்கு. அழுக்குப் போதாமை. உலகத்தில் சுத்தத்தால் கெட்ட ஒரே மனிதன் ஒரு பல் டாக்டராக இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இதைச் சாயங்காலம் உமையாளிடம் சொல்ல வேண்டும், அவள் சிரிக்கமாட்டாள், ஆனாலும் சொல்ல வேண்டும். நாளைக்குப் பத்து மணி. மரத்துப்போகும் ஊசி, பத்து நிமிஷம், கீறல், எலும்பில் ஒரு சின்ன ஜன்னல், பல்லை இரண்டாகப் பிளந்து துண்டு துண்டாக எடுக்கவேண்டும், நரம்பு எழுந்திருக்காதபடிக்கு, தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது மாதிரி.

நூறு மீட்டர் தாளுக்கு மாறினார். வருகிற போட்டியில் அதுவும் உண்டு, அதோடு, ஜெயிக்கிற காலையில் சீக்கிரம் வீட்டுக்குப் போக யாருக்குத்தான் மனம் வரும்? குண்டு நேராகப் போகும் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் அது முதலில் மேலே எழும்பும் என்பார்கள். எழும்பவே எழும்பாது. குழலை விட்ட அந்தக் கணத்திலிருந்து அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கையிலிருந்து நழுவிய பொத்தான் எந்த வேகத்தில் தரையை நோக்கி விழுமோ, கிட்டத்தட்ட அதே வேகத்தில், நாம்தான் குழலைச் சற்று மேல்நோக்கிப் பிடித்து அது விழுவதை விழாததுபோலக் காட்டுகிறோம். ஐம்பது மீட்டரில் சரியாக இருந்தது நூறு மீட்டரில் ஒரு சாண் அளவுக்குக் கீழே போய்விடும், குண்டின் தப்பில்லை, தூரம். எந்தத் தூரத்துக்கு எவ்வளவு விழும் என்று தெரிந்தவனுக்கு விழுவது ஒரு பிரச்சினையே இல்லை, இருபத்தைந்து கிளிக். ஐம்பத்தாறு வயது என்பது எத்தனை மீட்டர்? முப்பது வயதில் வைத்த ஜீரோவோடேயே இருபத்தாறு வருஷமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறோமோ? சரி, கிளிக் வைத்தால் போயிற்று. கொஞ்சம் நிதானமாக வேலை செய்வது, ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் பார்ப்பதில்லை, சாயங்காலம் காபி வேண்டாம். இருபத்தைந்தையும் சத்தம் போட்டு எண்ணித் திருப்பினார், மூச்சு, விசை, நூறு மீட்டருக்கு அப்பால் மூன்று துளைகள், மூன்றும் நடு வளையத்துக்குள். வலது கையை விசையிலிருந்து எடுத்து வேட்டியில்லாத தொடையில் வேட்டி இருப்பதுபோல் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் இடது கையைப் பார்த்தார்.

அது சின்ன மணல் மூட்டையின் மேல் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. முப்பத்து மூன்று குண்டுக்கும் அது தாங்கியது ஒன்றுமில்லை. முன்பக்கத்தை மணல் தாங்கியது, பின்பக்கத்தை மணல் தாங்கியது, கை மணலின் மேல் கல்யாண வீட்டில் மாமன் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தது. மணல் மூட்டை என்பதே மனிதனைக் கணக்கிலிருந்து விலக்கத்தான். துப்பாக்கி எங்கே சுடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் ஆளை நடுவில் விடக்கூடாது, இதுவும் அவருடைய பாடம்தான், வக்கீலுக்குச் சொன்ன முக்கால் மணி நேரத்தில் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார். அப்படியென்றால் சிதறியபோது பயந்ததற்கும் அர்த்தமில்லை, குவிந்தபோது குளிர்ந்துபோனதற்கும் அர்த்தமில்லை. பரீட்சை எழுதியது துப்பாக்கி. பாஸானதும் அதுதான். எழுதாத பரீட்சையில் தேறிவிட்டோம் என்று அரைமணி நேரமாக மிட்டாய் கொடுக்காத குறையாக இருந்திருக்கிறார். தெரியாமலா வந்தார்? கையைச் சோதிக்க நினைக்கிற மனிதன், கைக்கு வேலையே இல்லாத ஒரு மேசையைத் தேர்ந்தெடுத்து, மூட்டையை மூட்டைமேல் அடுக்கி உட்காருவானா? தெரிந்துதான் வந்தார். தெரிந்தது என்று தெரியாதபடி வந்தார். அது ஒரு தனித் திறமை, அவருடைய குடும்பத்தில் ரசம் வேண்டாமென்ற பெரியப்பாவுக்கும் அது இருந்தது.

“ஹவில்தார், நின்னுக்கிட்டு அஞ்சு ரவுண்டு.”

“போட்டிக்கு நிக்கற ஐட்டம் இல்லீங்களே.”

“சும்மாதான்.”

சென்னியப்பன் தோளைக் குலுக்கி, தலையசைத்தார். வைரவன் எழுந்து நின்று, துப்பாக்கியைத் தூக்கி, இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, இடது உள்ளங்கையில் அதன் கனத்தை வாங்கினார். ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடு தாளை விட்டுவிட்டு மண்மேட்டுக்குப் போனது, திரும்பி வந்தது, எட்டுப் போட்டது, நடுப்புள்ளியின் மேலாக நழுவி, யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் போனது. இதுதான். பார்த்தாயா. இதுதான் அது. இல்லை, பொறு. நின்று சுட்டால் எல்லோருக்கும் இப்படித்தான். மாநில அளவில் பதக்கம் வாங்கிய இருபது வயதுப் பெண்ணுக்கும் கோடு எட்டுப் போடும், அவள் எட்டு கொஞ்சம் சின்னது. ஸ்கோப் நெஞ்சுத் துடிப்பைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும், அதில் பார்த்தால் இந்த உலகத்தில் நடுங்காதவன் ஒருவனும் இல்லை. மணல் மூட்டை மேல் வைத்தால் யார் கையும் குற்றமில்லாதது, தூக்கிப் பிடித்தால் யார் கையும் குற்றவாளி. நடுவில் ஒரு தூரம், ஒரு கிளிக், அந்த இடத்தில் நிற்க இந்தக் களத்தில் இடமில்லை. நாளைக்கு ஒருமுறை முயன்று பார்க்கலாம், ஊசி போட்ட பிறகு கை எப்படி இருக்கிறது என்று பார்த்து, அப்புறம்... அப்புறம் என்ன? கீறிவிட்டு, திறந்த தாடையின் மேல் நின்றுகொண்டு, கோமதி நிமிராமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு? ஜீரோ பார்க்க ஒரு தாள் வேண்டும். சென்னியப்பனின் தாடையைத் தாளாக வைத்தா? அவரிடம் உள்ள தகவலெல்லாம் சேர்த்தால் இரண்டு சத்தம்தான். டிக், டிக். இரண்டு சத்தத்தை வைத்து எந்த நோயும் சொல்ல முடியாது, எந்தப் பரிசோதனையும் அதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் நாளைக்குப் பத்து மணிக்கு அது போதும். வைரவன் ஒரு குண்டும் சுடாமல் துப்பாக்கியை இறக்கினார். குண்டை எடுத்தார், போல்ட்டைத் திறந்து வைத்தார், காதுமூடியைக் கழற்றினார். கழற்றியதும் உலகம் சத்தமாக இருந்தது, எங்கோ தண்ணீர் மோட்டார், வேலிக்கப்பால் அதே மயில்.

“ஹவில்தார், நாளைக்கு நீங்க வரவேண்டாம்.”

சென்னியப்பன் தொலைநோக்கியை இறக்கினார். “ஏனுங்க? வீக்கம் வத்தோணுமா?”

“அதுவும்தான். செவ்வாய்க்கிழமை டாக்டர் பர்வீன் நம்ம கிளினிக்குக்கு வருவாங்க. தாடை ஆபரேஷன்லயே தனியாப் படிச்சவங்க. அவங்க எடுப்பாங்க.”

“அந்தச் சின்னப் பொண்ணுங்களா?”

“முப்பத்தாறு வயசு. இந்த மாதிரிப் பல்லு நான் எடுத்ததவிட அதிகமா எடுத்திருக்காங்க.”

“நானென்ன மூட்டை மூட்டையாப் பல்லக் கொண்டாந்தா குடுத்தேன், எண்ணிக்கை பாக்கறதுக்கு?” சென்னியப்பனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது, வீங்கிய கன்னத்தால் அது பாதிதான் வெளியே தெரிந்தது. “ரெண்டு வருசமா ஓடி ஒளிஞ்சிட்டிருந்தவன், உங்களுக்காவத்தானுங்க ஒத்துக்கிட்டேன். வீட்ல பொண்டாட்டிகிட்டக்கூட சொல்லிட்டேன், தம்மு கட்டிட்டேன். இப்பப் போயி வேற ஆளுங்கறீங்க.”

“என் கை சரியில்லை ஹவில்தார்.”

வார்த்தை வெளியே வந்து மேசைமேல் உட்கார்ந்தது. சென்னியப்பன் அதைப் புரிந்துகொள்ளாமல், தாளின் பக்கம் கையைக் காட்டினார். “இத்தனை நேரம் பார்த்துட்டுத்தானுங்க இருந்தேன். காசு வெச்சாப்பல போட்டீங்க.”

“அது மூட்டை போட்டது.” வைரவன் இடது கையை, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை விரித்து, இருவருக்கும் நடுவில் நீட்டினார். “பாருங்க.”

சென்னியப்பன் பார்த்தார். வைரவனும் பார்த்தார். கை அப்படியே நின்றது. ஒரு விரல்கூட அசையவில்லை. வெயிலில் அந்தரத்தில் தொங்கவிட்ட கடைப்பலகை மாதிரி, அவமானம் தருமளவுக்கு நிதானமாக நின்றது. நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் வலி நின்றுபோய், பொய் சொன்னவர்கள்போல விழிக்கிற நோயாளிகளை அவர் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார், ஆயிரம் பேரையும் கொஞ்சம் சிரித்தபடி பார்த்திருக்கிறார். அவர்களில் ஒவ்வொருவரிடமும் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது.

“நல்லாத்தானுங்க இருக்குது,” என்றார் சென்னியப்பன் மெதுவாக.

“கொஞ்சம் பொறுங்க.”

சென்னியப்பன் பொறுத்தார். பட்டாளத்துக்காரர், பொறுக்கத் தெரியும். இடது கோடியில் சுட வந்திருந்த இரண்டு பேர் இவர்களைப் பார்த்துவிட்டு, ஏதோ ஜோசியம் என்று நினைத்து, திரும்பிக்கொண்டார்கள். வைரவன் கையை இறக்கிவிடலாம் என்று நினைத்தார். இறக்கிவிட்டு, சரி, நாளைக்கே வாங்க, சும்மா பயந்துட்டேன் என்று சொல்லிவிடலாம், சொன்னால் எதிரே நிற்கும் பாதி முகம் உடனே மலரும். வாய்கூடத் திறந்தது. அப்போது கட்டைவிரல் ஆரம்பித்தது. சிறியதாக, தயக்கமாக, பக்கத்து விரலைத் தொட்டுப் பார்த்து விலகி, மறுபடி தொட்டு, பிறகு தன் தாளம் கிடைத்துவிட்டதுபோல ஒரே சீராக. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வைரவனுக்கு, பயத்துக்கு அடியில், வெகுநேரமாகக் காத்திருந்தவர் வந்துவிட்டாரே என்பதுபோல ஒரு ஆசுவாசம் இருந்தது.

சென்னியப்பன் தன் கையை எடுத்து அந்தக் கையின்மேல் வைக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, களத்தில் ஆணை கொடுக்கும் குரலில், ஆனால் இருவருக்கு மட்டும் கேட்கும்படி, “பார்த்துட்டனுங்க. எறக்குங்க,” என்றார்.

வைரவன் இறக்கினார்.

“செவ்வாக்கெழம எத்தனை மணிக்குங்க?”

“பத்தரைக்கு. காலைல நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க, வெறும் வயித்துல வரக்கூடாது.”

“நீங்க இருப்பீங்கல்லங்க?”

“பக்கத்துலயே நிப்பேன்.”

“நில்லுங்க. ஆனாப் பேசக்கூடாது,” என்றார் சென்னியப்பன். “நீங்க பேச ஆரம்பிச்சா அந்தப் பொண்ணுக்கு ஊசியே வேண்டியதில்லீங்க. எனக்குத் தலையோட மரத்துப் போயிரும்.”